சிட்டுக் குடம்

நித்திலாவின் குடத்தை உலகத்தில் முதலில் செய்து காட்டியவள் நித்திலாதான் என்பதில் பெரியவருக்கே சந்தேகம் இல்லை. ஆனாலும் அது புதிதில்லை என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் என்பது ஆள் இல்லை, காப்புரிமை அலுவலகத்தின் தேடல் எந்திரம். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் ‘இதை நான் அப்பவே பார்த்திருக்கேனே’ என்று சொல்லும் வீட்டுப் பெரியவர்களின் குணம் அதற்கு இருந்ததால், கோயமுத்தூர்க்காரர்கள் பெரியவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே நாடு முழுக்க நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு விண்ணப்பத்தைப் படித்து, அதில் இருப்பது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த சங்கதியா இல்லையா என்று சொல்ல அதிகாரிகளுக்கு வருஷக்கணக்கில் ஆகும். பெரியவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். புத்தகங்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொதுவில் கிடக்கும் அத்தனையையும் அவர் பார்த்து வைத்திருந்தார். கல்யாண வீடியோ, கோயில் திருவிழா நேரலை, டீக்கடை வாசலில் எவனோ சும்மா எடுத்த படம் என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

அதனால் ஊர் மாறிப்போயிற்று. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரில், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதை நாலு பேரிடம் சொல்லாமல் தூங்கியதே இல்லை. இப்போது டீக்கடைகளில் மழையையும் கிரிக்கெட்டையும் தவிர வேறு பேச்சு கிடையாது. பட்டறை ஜன்னல்களுக்கெல்லாம் கனமான திரை வந்துவிட்டது. ‘இதைப் பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று எழுதி வாங்கும் காகிதத்துக்கு ஊரார் வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வாய்ப்பூட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி வந்தது. ஒரே வீட்டில் அப்பா மாடியில் ஒன்றையும் மகன் கீழே ஒன்றையும் செய்துகொண்டு, சாப்பாட்டு மேசையில் ரசத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அன்று காலை நித்திலா பீளமேட்டில் ஜெசிந்தாவின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா காப்புரிமை முகவர். தூத்துக்குடியில் பிறந்து, கோயமுத்தூர்க்காரர்களின் விண்ணப்பங்களை எழுதி எழுதியே தலை நரைத்த பெண்மணி. இரண்டு பேருக்கும் நடுவில், மேசைமேல் குடம் இருந்தது. கரண்ட் வேண்டாம், குழாய் வேண்டாம். நிழலோரமாக வைத்துவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, மறுநாள் பொழுது சாய்வதற்குள் தானே நிறைந்துவிடும். கரண்டில் ஓடுகிற அப்படிப்பட்ட எந்திரங்கள் எத்தனையோ உண்டு. சும்மா வைத்தால் நிறைகிற குடம் இது ஒன்றுதான். இதற்காக நித்திலா பம்பு கம்பெனி வேலையை விட்டிருந்தாள். கணபதியில் ஒரு கொட்டகையும் உதவிக்கு நான்கு பெண்களும் அவளுடைய தொழிற்சாலை. காப்புரிமை கிடைத்தால் இருபது வருஷத்துக்கு அவள் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தக் குடத்தைச் செய்ய முடியாது. கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு பெரிய கம்பெனி அதையே ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிவிடும், கொட்டகைக்குப் பூட்டுத்தான். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

திரையில் பதில் வந்தது. ‘புதியது அல்ல.’

அதன் கீழே பெரியவர் சாட்சியையும் வைத்திருந்தார். ஜப்பான்காரன் கட்டுரையாக இருக்கும் என்று நினைத்து நித்திலா முன்னால் சாய்ந்தாள். அது அவளுடைய மகளின் காதுகுத்து வீடியோ.

காங்கயம் பக்கத்து மண்டபம். நாயனம் முழங்கத் தாய்மாமன் சீர் வந்துகொண்டிருக்கிறது. பழத்தட்டு, பட்டுத்துணித் தட்டு, வெல்லத்தட்டு எல்லாம் முன்னே போக, கடைசியில் நீலச்சட்டையும் கரைவேட்டியுமாக அவள் தம்பி தர்ஷித். சீர்வரிசையில் பித்தளைக் குடம் இருக்க வேண்டிய இடத்தில் நித்திலாவின் குடத்தைக் கையில் ஏந்தி வருகிறான். அதன் வயிற்றில் அவன் வரையச் சொல்லி வாங்கிய ஒரு குருவிப் படமும் ‘சிட்டு’ என்ற எழுத்தும். குழந்தைக்குப் பதிவேட்டுப் பெயர் வேறு, வீட்டில் எல்லாருக்கும் அவள் சிட்டுத்தான்.

இதுவரை நித்திலாவுக்குத் தெரியும். அன்றைக்குக் குழந்தையை அலங்கரித்து முடித்து வெளியே வந்தபோது சீர்த்தட்டுகளோடு குடம் இருப்பதைப் பார்த்தாள். எடுத்து உள்ளே வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் கூடப்பிறந்தவன் கொண்டுவந்த சீரைச் சபையில் வைத்து எடுத்து ஒளிப்பது எப்படி? வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குடம்தானே, சூட்சுமம் உள்ளேதானே இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அவள் வெளியே வருவதற்கு முன்னால் நடந்தது அவளுக்குத் தெரியாது. அதை இப்போதுதான் பார்த்தாள்.

தர்ஷித் குடத்தை இறக்கி வைத்தான். மூடியைத் திறந்தான். மண்டபம் முழுக்க அவனைச் சுற்றிக்கொண்டது. வீடியோக்காரன் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று உள்ளே காட்டினான்.

“ஏனுங் மாமா, இது கடையில வாங்குனதில்லீங்க. என்ற அக்கா செஞ்சதுங்க. உள்ள பாருங்க, சீலைக் கொசுவமாட்ட மடிச்சு வெச்சிருக்குதுங்களா? ராத்திரி குளுந்தா இது விரிஞ்சு ஈரத்தைக் குடிக்குமுங்க. வெயில் ஏறுனா தானா சுருங்கிப் பிழிஞ்சு உட்ருமுங்க. அவ்வளவுதான் வித்தை.”

அதோடு விட்டானா? கொசுவத்தில் ஒரு மடிப்பை வெளியே எடுத்து, விரலால் சுருக்கி விரித்துக் காட்டினான். பூச்சு எதில் காய்ச்சியது, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதையெல்லாம் பாயசம் வைக்கச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னான். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக விழா முழுவதும் நேரலையில், எல்லாருக்கும் திறந்து போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தார். ‘விளக்கம் தெளிவாகவும் முழுமையாகவும் உள்ளது. இத்தொழிலில் பழகிய எவரும் இதைக் கேட்டே செய்துவிட முடியும்.’

ஜெசிந்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நித்திலாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தால் அவருக்கு அப்படி ஒரு பழக்கம்.

“நான் செஞ்சதை என் தம்பிதானுங்களே காட்டினான்? வேற யாருமில்லையே?”

“யாரு காட்டினாலும் காட்டினது காட்டினதுதாம்மா. பேட்டன்ட்ங்கிறது ஒரு பேரம். ஊருக்குத் தெரியாத ஒண்ணை நீ ஊருக்குச் சொல்லிக்குடுக்கணும், பதிலுக்கு ஊரு உனக்கு இருபது வருஷம் விட்டுக்குடுக்கும். ஊருக்கு ஏற்கெனவே தெரிஞ்சு போச்சுன்னா பேரம் பேச உங்கிட்ட என்ன இருக்கு? விண்ணப்பம் போட்ட மறுநாள் காட்டியிருந்தா ஒரு கேடும் இல்ல. முந்தின நாள் காட்டினா போச்சு.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அவர்கிட்ட குடத்தைக் குடுக்கும்போது வாய்ப்பூட்டு வாங்கினியா?” என்று கேட்டார்.

“தம்பிங்க அவன்” என்றாள் நித்திலா.

ஜெசிந்தா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த ஊரில் எத்தனை குடும்பத்தை இந்த ஒரு பதில் கவிழ்த்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

காதுகுத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு குடத்தை வறண்ட காற்றில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கோயமுத்தூர்க் காற்றில் ஈரம் அதிகம். தர்ஷித்தின் தோட்டம் தாராபுரத்துக்குப் பக்கம், அங்கே செருப்பில்லாமல் நடந்தால் கால் வெந்துவிடும். அதனால் ஒரு குடத்தை அவனிடம் கொடுத்து, கொல்லையில் வைத்து எவ்வளவு நிறைகிறதென்று பார்த்துச் சொல் என்றாள். பூச்சு உதிர்ந்தால் அவனே பூசிக்கொள்ளட்டும் என்று அதைக் காய்ச்சும் பதத்தையும் சொல்லிக்கொடுத்தாள். இது ரகசியம் என்று வாயைத் திறந்து சொல்லவும் பயம், சொல்வதும் யார் காதிலாவது விழுந்துவிடும் என்ற காலம். சரி, கையெழுத்தாவது வாங்கலாம் என்று காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனாள். அவன் எதிரே ஓடி வந்து “வா அக்கா” என்று பையை வாங்கிக்கொண்டபோது காகிதத்தை எடுக்கக் கை கூசியது. எடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள். அவனோ, தன் அக்கா இப்படியொரு பொருளைச் செய்திருக்க, கடைக்குடத்தை எதற்குச் சீர் வைப்பது என்று நினைத்திருக்கிறான். நல்லெண்ணத்தில் செய்த காரியத்துக்கு இணையான கேடு உண்டா?

வீட்டுக்கு வந்து கணவன் சரணிடம் அழுதாள். தம்பியிடம் எதுவும் சொல்லாதே, தாங்க மாட்டான் என்று சரண் சொன்னான். அவள் சொல்லவில்லை. ஆனால் பேசவும் இல்லை. தர்ஷித் கூப்பிடும்போதெல்லாம் வேலையாக இருக்கிறேன் என்றாள். சிட்டுவைத் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டான், பள்ளிக்கூடம் இருக்கிறது என்றாள். மே மாசத்திலும் பள்ளிக்கூடம் இருப்பது கேட்டு அவன் போனை வைத்துவிட்டான். பிறகு அவனும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான்.

கொட்டகை மட்டும் மூடவில்லை. காதுகுத்துக்கு வந்த உறம்பரைச் சொந்தங்களில் பாதிப்பேர் குடம் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் போகும்வரை பொறுங்கள் என்று தள்ளி வைத்திருந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று செய்து அனுப்பினாள். சும்மா வெள்ளைக் குடமாக, அடியில் ‘வான்நீர்க் குடம்’ என்று அச்சடித்து அனுப்பினாள். அந்தப் பெயரை அவள் வெகு நாளாக யோசித்து வைத்திருந்தாள். குருவிப் படத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரணின் பெரிய அத்தை வெள்ளக்கோயிலிலிருந்து குடத்தைத் திருப்பி அனுப்பினார். என்ன குறை என்று நித்திலா கூப்பிட்டுக் கேட்டாள்.

“குறையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்குது. ஆனா இது சிட்டுக் குடம் இல்லையே. குருவியக் காணோமே?”

எல்லாம் ஒன்றுதான், அதே கொசுவம், அதே பூச்சு என்று நித்திலா மன்றாடிப் பார்த்தாள். அத்தை அசையவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வது, எவனோ போலியைத் தலையில் கட்டிவிட்டான் என்பார்கள் என்றார். அதே வாரத்தில் இன்னும் மூன்று குடங்கள் குருவியில்லை என்று திரும்பி வந்தன. நித்திலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜெசிந்தாவிடம் போய்ப் புலம்பினாள்.

ஜெசிந்தா அப்போது பருப்புவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதி வடையைக் கீழே வைத்துவிட்டார். அவர் வடையைப் பாதியில் வைப்பது அபூர்வம்.

“அம்மாடி, உனக்கு விஷயம் புரியலையா? பேட்டன்ட் கேக்கிற கேள்வி ஒண்ணு, டிரேட்மார்க் கேக்கிற கேள்வி வேற ஒண்ணு. பேட்டன்ட்காரன், இதை முன்னாடி யாராவது பாத்திருக்காங்களான்னு கேப்பான். பாத்திருந்தா வெளிய போன்னுடுவான். டிரேட்மார்க்காரன், இந்தப் பேரைக் கேட்டா ஜனங்களுக்கு உன் ஞாபகம் வருதான்னு கேப்பான். வந்தா, உள்ள வா, உக்காருன்னுவான். எந்த வீடியோ உன்னை அங்க கவுத்துச்சோ, அதே வீடியோவை வெச்சு இங்க ஜெயிக்கலாம். இதுக்கு இருபது வருஷக் கணக்கெல்லாம் கிடையாது. பத்து வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுட்டே இருந்தா உன் பேரன் பேத்தி வரைக்கும் போகும்.”

“அப்படின்னா வான்நீர்க் குடம்னு பதிஞ்சுரலாங்களா?”

“அதைக் குடுக்க மாட்டாங்க. வானத்துத் தண்ணி, குடம். பொருள் என்னவோ அதையே பேரா வெச்சிருக்க. நாளைக்கு இன்னொருத்தன் குடம் செஞ்சா அவனும் அதைத்தானே சொல்லியாகணும்? ஊர்ச் சொல்லை ஒருத்தருக்கு எழுதிக் குடுக்க முடியுமா? ஆனா குடத்துக்கும் குருவிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமே கிடையாது. அதனாலதான் அது நல்ல பேரு. உன் தம்பிக்குத் தெரியாமலே பிரமாதமா வெச்சிருக்கார்.”

தம்பியின் பேச்சு வந்ததும் நித்திலா எழுந்துவிட்டாள். குருவி வேண்டவே வேண்டாம் என்றாள். குடத்தைக் கெடுத்தவன் வைத்த பெயரிலேயே குடத்தை விற்க வேண்டுமா என்று கேட்டாள். ஜெசிந்தா வற்புறுத்தவில்லை. மிச்ச வடையைத் தின்றுவிட்டு, அத்தை குடத்தைத் திருப்பி அனுப்பியது எதற்காக என்று வீட்டில் போய் யோசி என்று மட்டும் சொன்னார்.

யோசிக்க நாள் பிடித்தது. கொட்டகையில் திரும்பி வந்த குடங்கள் ஒரு மூலையில் நின்றன. ஒருநாள் பெண்களில் ஒருத்தி சும்மா இருக்காமல், பழைய படத்தைப் பார்த்து ஒரு குடத்தில் குருவியை வரைந்து வைத்தாள். அன்று சாயங்காலம் வந்த ஆள் அத்தனை குடங்களில் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். நித்திலா அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை.

அந்தக் குருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை வரைந்தவர் காங்கயத்தில் லாரிகளுக்குப் பின்னால் படம் எழுதும் பீர் முகமது. லாரிக்குக் கழுகு எழுதிப் பழகிய கை. அதனால் குருவிக்கு வயிறு பெருத்து, வால் சேவல் வாலாக நிமிர்ந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. குருவி டான்ஸ் ஆடுகிறது என்று சிட்டு சொன்னாள். இப்படியொரு குருவி உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று பெரியவரே ஒப்புக்கொண்டார். படம் வரைந்தவருக்குத்தான் படத்தின் மேல் உரிமை என்பதால், ஜெசிந்தா நேரில் போய் அவரிடம் உரிமையை எழுதி வாங்கி வந்தார். அவர் கேட்ட விலையோடு வீட்டுக்கு ஒரு குடமும் சேர்த்துக் கொடுத்தார்கள். குருவியும் ‘சிட்டு’ என்ற பெயரும் பதிவாயின. தனி ஆளாக, தன் பெயரில் மட்டும் நித்திலா பதிந்துகொண்டாள். தம்பி பெயரை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டுத்தான் விட்டாள்.

ஐப்பசி மழைக்குப் பின் கொட்டகையில் பெண்கள் பத்துப் பேரானார்கள். அப்போதுதான் ஒரு பெரிய தண்ணீர்க் கம்பெனி அதே மாதிரிக் குடத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கம்பெனியின் பெயரைச் சொன்னால் அவர்களுடைய வக்கீல் என்னைத் தேடி வருவார், அதனால் விட்டுவிடுகிறேன். பளபளவென்று ஸ்டீலில், அன்னப்பறவை முத்திரையோடு வந்தது. கொசுவமும் அதே, பூச்சும் அதே. எந்த நாளை நினைத்துப் பயந்தாளோ அந்த நாள் வந்தேவிட்டதென்று நித்திலாவுக்குச் சோறு இறங்கவில்லை. தர்ஷித்தின் மேல் ஆறத் தொடங்கியிருந்த கோபம் மறுபடி கொதித்தது.

மார்கழியில் ஒருநாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் கொட்டகைக்கு வந்தார். ஹரிஷ்வர் என்று பெயர், சென்னைக்காரர், ஒல்லியான மனிதர். மிரட்டத்தான் வந்திருக்கிறார் என்று நித்திலா உட்காரச் சொல்லவில்லை. அவர் தானே ஒரு கவிழ்த்து வைத்த குடத்தின் மேல் உட்கார்ந்து, மூலையில் இருந்த கொசுவ மடிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். அந்த மடிப்பை நானும் கண்டுபிடித்தேன் என்றார். அவருக்கு அது குடையைச் சுருக்கும்போது தோன்றியதாம். நித்திலாவுக்குச் சீலை கட்டும்போது தோன்றியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஆறு வருஷம் அவர் தன் மனைவியிடம்கூட என்ன வேலை செய்கிறார் என்று சொல்லவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோய், இப்போது சொல்லலாம் என்று ஆன பிறகும் எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை என்றார்.

“உங்க தம்பியைப் பார்க்க முடியுமாங்க? அந்த நீலச்சட்டைக்காரரை. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது.”

அவனை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள்.

“எங்க விண்ணப்பத்தை நாங்க மாசியில போட்டோம். நீங்க பங்குனியில போட்டீங்க. உங்களுக்கு நாங்க முந்தி.” ஹரிஷ்வர் தலைகுனிந்து சொன்னார். “யார் முதல்ல செஞ்சாங்கங்கிறதைச் சட்டம் பார்க்காது. யார் முதல்ல விண்ணப்பம் போட்டாங்கங்கிறதுதான். பெரியவர் எங்களுக்கும் அதே பதிலைத்தான் சொன்னார். புதியது அல்ல. அதே காதுகுத்து. தை மாசம் உங்க தம்பி அந்த மூடியைத் திறக்காம இருந்திருந்தா இந்தக் குடம் இருபது வருஷத்துக்கு எங்களோடது. நீங்க ஒரு குடம் செஞ்சு வித்திருந்தாகூட நோட்டீஸ் வந்திருக்கும்.”

நித்திலா விரல் விட்டு மாசங்களை எண்ணினாள். தை மாசமே விண்ணப்பத்தைப் போடு என்று ஜெசிந்தா தலையால் அடித்துக்கொண்டதும், படங்கள் இன்னும் சுத்தமாக வரட்டும் என்று இவள் இரண்டு மாசம் இழுத்ததும் நினைவுக்கு வந்தன. குடத்தை யாருக்கும் இல்லாமல் செய்துவிட்டான் என்றுதானே இத்தனை நாள் தம்பியை வைதுகொண்டிருந்தாள்? யாருக்கும் இல்லாமல் போனதால்தான் அவளுக்கு மிஞ்சியது. ஹரிஷ்வருக்குக் காப்பி போடச் சொன்னாள்.

அவர் வந்த காரியம் வேறு. அன்னப்பறவைக் குடத்தை எந்த ஊர்க் கடையில் வைத்தாலும், இது சிட்டுக் குடம் இல்லையே என்கிறார்களாம். குருவியைத் தங்கள் குடத்தில் போட்டுக்கொள்ள அனுமதி தர முடியுமா, ஒவ்வொரு குடத்துக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிடுகிறோம் என்று கேட்க வந்திருந்தார்.

“எனக்குத் தெரியாதுங்க. குருவிக்காரனைக் கேட்டுத்தான் சொல்லணும்” என்றாள் நித்திலா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிட்டுவைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்துக்குப் புறப்பட்டாள். புறப்படும்போது சரண், தன் மனத்தில் கிடந்ததைச் சொல்லிவிட்டான். ஆடி மாசமே தர்ஷித் நேரில் வந்து, என்ன தப்பு செய்தேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டானாம். சொல்லாமல் இருக்க முடியவில்லையாம். நித்திலா அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு வாயும் இல்லை.

தோட்டத்தில் தர்ஷித் இல்லை. சாலையோர டீக்கடையில் இருப்பான் என்றார்கள். அங்கேதான் இருந்தான். முன்பெல்லாம் அந்தக் கடையில் அவன் குரல் வளைவு திரும்பும்போதே கேட்கும். மாட்டு ஊசியிலிருந்து மந்திரிசபை வரை அவனுக்குத் தெரியாத சங்கதி கிடையாது, தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்கும் பழக்கமும் கிடையாது. இப்போது பெஞ்சின் ஓரத்தில் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன விதைத்திருக்கிறாய் என்று கேட்டால்கூடச் சொல்வதில்லை, ஊமையாகிவிட்டான் என்று டீக்கடைக்காரர் நித்திலாவிடம் முறையிட்டார். கடைக்கு வருகிற கூட்டமே அவனால் குறைந்துபோனதாம்.

“மாமா” என்று சிட்டு ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தான். நித்திலா பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை கை கூசவில்லை.

அவன் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தான்.

“வாய்ப்பூட்டா அக்கா? அன்னிக்கே நீட்டியிருந்தா அன்னிக்கே போட்டிருப்பனே. கேக்க எதுக்கு யோசிச்ச? நானென்ன வேத்தாளா?”

சொல்லிக்கொண்டே டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, ஒரு வரிகூடப் படிக்காமல், சிட்டுவின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். குழந்தைக்குக் கூச்சம் தாங்காமல் நெளிந்ததில் எழுத்து கோணிக்கொண்டு போனது.

“படிச்சுப் பாருடா” என்றாள் நித்திலா.

படித்தான். குருவியும் சிட்டு என்ற பெயரும் இனி நித்திலாவுக்கும் தர்ஷித்துக்கும் சரிபாதி என்று அதில் இருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தான்.

“கோவத்துல என்ற பேர்ல மட்டும் பதிஞ்சுட்டன்” என்றாள் அவள். “நீ வெச்ச பேருடா அது. குடத்தையும் நீதான் காப்பாத்திக் குடுத்திருக்கற, எனக்குத்தான் இத்தனை நாளா தெரியல.” மாசியையும் பங்குனியையும், ஹரிஷ்வர் குருவியைக் கேட்டு வந்ததையும் பற்றி அவனுக்கு முழுசாகச் சொன்னாள். அவன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். சிட்டு அவன் கையை விலக்கி மாமா அழுகிறாரா என்று பார்த்தாள்.

டீக்கடைக்காரர் அதற்குள் கடைக்குள்ளிருந்து தன் சிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். போன மாசம்தான் வாங்கியதாம். கடைக்கு அதில்தான் தண்ணீர். ஆனால் எப்படி நிறைகிறது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை, உன் அக்கா செய்ததுதானே, நீயாவது சொல்லேன் என்று எத்தனை தடவை கேட்டும் இவன் வாயைத் திறக்கவில்லை என்றார். பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

தர்ஷித் குடத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

“சொன்னா எவனாச்சும் செஞ்சு போடுவானே அக்கா?”

“செய்யட்டும். எத்தனை பேர் வேணாலும் செய்யட்டும். குருவி மட்டும் நம்மளுது.” மூடியைக் காட்டினாள். “நீ திற.”

அவன் சிட்டுவை இறக்கி விட்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். இரண்டு கையாலும் மூடியைத் தூக்கி, எல்லாரும் குனிந்து பார்க்கும்வரை காத்திருந்தான்.

“ஏனுங், எல்லாரும் கிட்ட வாங்க. உள்ள பாருங்க, சீலைக் கொசுவமாட்ட மடிச்சு வெச்சிருக்குதுங்களா?”

அவன் குரல் வளைவு வரைக்கும் கேட்டிருக்கும். பைக்கில் போனவர் ஒருவர் நிறுத்திவிட்டு வந்தார். நித்திலா பெஞ்சிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கதையில் அவன் இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான், அவள் திருத்தப் போகவில்லை. அவளுக்கு வந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.